கத்தச் சொன்னால் கத்தும் கிடார்!

மேடையில் பேச்சாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். உடனே ‘கொய்ங்ங்ங்...’ என்று ஒரு கூச்சல் காதைக் கிழிக்கும். மைக்செட்காரர் ஓடிவந்து எதையோ திருகுவார். பார்த்திருப்பீர்கள்தானே?

அந்தச் சனியனுக்கு ‘ஃபீட்பேக்’ என்று பெயர். எல்லோரும் அதை விரட்டப் பாடுபட்டபோது, 1960-களில் சில கிடார்காரர்கள் மட்டும், ‘இரு, இரு... இது நல்லா இருக்கே!’ என்றார்கள்.

விஷயம் ரொம்ப எளிது. எலெக்ட்ரிக் கிடாரின் கம்பி அதிர்கிறது. அதற்குக் கீழே இருக்கும் ‘பிக்-அப்’ என்கிற காந்தச் சுருள் அதை மின்சாரமாக்குகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி ஸ்பீக்கர் வழியாகக் கொட்டுகிறது. சத்தம் பலமாக இருந்தால், அது திரும்பி வந்து அதே கம்பியை உலுக்கும். மறுபடி பிக்-அப், மறுபடி ஸ்பீக்கர்! பி.காம். படித்த எனக்கு இது கூட்டு வட்டி மாதிரிதான் புரிந்தது. போட்ட அசல் ஒரே ஒரு மீட்டல். மிச்சமெல்லாம் வட்டிக்கு வட்டி.

1964, அக்டோபர் 18. லண்டனில் பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவு. ஜான் லெனன் தன் கிடாரை ஆம்ப்ளிஃபையர் மேல் சும்மா சாய்த்து வைக்க, அது தானாக ஊளையிட்டது. வேறு யாராவது என்றால் ‘ஸாரி’ சொல்லியிருப்பார்கள். இவர்களோ அதைப் பாட்டிலேயே வைக்கலாமா என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினைக் கேட்டார்கள். ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாட்டு அந்த ஊளையோடுதான் தொடங்குகிறது. இப்படி ஒரு சத்தத்தைத் தனக்கு முன்னால் யாரும் ரெக்கார்டில் வைத்ததில்லை என்று லெனன் பின்னால் பெருமையடித்துக்கொண்டார். மேடையில் ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் அதே காலத்தில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

சரி, கத்த வைத்தாயிற்று. அடக்குவது எப்படி?

ஜிமி ஹெண்ட்ரிக்ஸிடம் கேட்க வேண்டிய கேள்வி. 1969 ஆகஸ்ட் 18 காலை, வுட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை கிடாரில் வாசித்தார். நடுநடுவே அந்த ஊளையை வளைத்து, நெளித்து, குண்டு விழுவதுபோல், யாரோ அலறுவதுபோல்... வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கேட்டவர்களுக்குப் புரிந்தது. கீதத்தை அவமானப்படுத்திவிட்டார் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அடுத்த மாதமே டி.வி. பேட்டியில் கேட்டார்கள். தனக்கு அது அழகாகத்தான் பட்டது என்று சொல்லிவிட்டார் மனிதர். அவரே பாராசூட் படைப்பிரிவில் இருந்தவர், தெரியுமோ?

ஆனால் என்னை அசர வைத்தவர் ராபர்ட் ஃப்ரிப். 1977. மேற்கு பெர்லினில், சுவருக்கு வெகு அருகே ஹான்ஸா ஸ்டூடியோ. டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டுக்கு வாசிக்க வந்தவர், முதலில் தரையில் டேப் ஒட்டினார்!

காரணம் இருக்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரே போகும்? ஸ்பீக்கர் சத்தமும் கம்பியைச் சரியான கணத்தில் வந்து தள்ள வேண்டும். அதைத் தீர்மானிப்பது தூரம். நாலு அடி நகர்ந்தால் வேறு ஸ்வரம் பிடித்துக்கொள்ளும். எந்த ஸ்வரம் எங்கே நின்றால் நீளும் என்று ஃப்ரிப் அளந்து, அடையாளம் வைத்து, அந்த இடங்களுக்கு மாறி மாறி நடந்தே வாசித்தார். விரல் பாதி, கால் பாதி!

மூன்று முறை வாசித்தார். எதைத் தேர்ந்தெடுப்பது? தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி எதையும் கழிக்கவில்லை. மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டார். ‘ஹீரோஸ்’ பாட்டில் பின்னணியில் அழுவதுபோல் நீண்டுகொண்டே இருக்கிறதே, அது அந்த மூன்றும் சேர்ந்ததுதான்.