வாத்து வளர்ப்பில் தீங்கு தரும் குடல் பாக்டீரியாக்கள்

வாத்துகளின் குடலில் வாழ்ந்து, அவற்றுக்கோ அவற்றின் முட்டையையும் இறைச்சியையும் உண்ணும் மனிதருக்கோ நோய் விளைவிக்கும் பாக்டீரியாக்களுள் சால்மொனெல்லா, எசரிக்கியா கோலை, காம்பைலோபாக்டர், குளோசுட்ரிடியம் பெர்பிரிஞ்சென்சு ஆகியன முதன்மையானவை. இவற்றுள் முட்டை உண்போருக்கு மிகுந்த தீங்கு தருவது சால்மொனெல்லா ஆகும். வளர்ந்த வாத்து நோய் அறிகுறி ஏதுமின்றி இதனைச் சுமந்து, எச்சத்தின் வழியாக வெளியேற்றக்கூடும். எனவே நலமாகத் தோன்றும் மந்தையைக் கிருமியற்ற மந்தை எனக் கொள்ள இயலாது. இளங்குஞ்சுகளில் மட்டும் கழிச்சலும் திடீர் இறப்பும் காணப்படும்.

வாத்துக் காலரா என்பது பெயரளவில் குடல்நோய் போலத் தோன்றினாலும், அது பாசுடுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியா குருதியில் பெருகுவதால் உண்டாகும் வேறொரு நோயாகும். மனிதரின் காலராவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பரவும் முறை

தமிழ்நாட்டில் வாத்துகள் பெரும்பாலும் கொட்டகையில் அடைத்து வளர்க்கப்படுவதில்லை. காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய வட மாவட்டங்களின் ஏரிப்பாசனப் பகுதிகளில், அறுவடை முடிந்த நெல் வயல்களில் சிந்திய மணிகளையும் நத்தை, புழுக்களையும் மேயவிட்டு, மந்தையை ஊர் ஊராக ஓட்டிச் செல்வர். இரவில் வரப்போரம் வலை கட்டிப் பட்டியில் அடைப்பர். வாத்து பொதுவாக விடியலுக்கு முன் முட்டையிடும். முட்டை ஈரச் சேற்றிலும் எச்சத்திலும் கிடந்த பின்னரே பொறுக்கப்படுகிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. புதிதாக இட்ட முட்டை சூடாக இருக்கும். அது குளிரும்போது உள்ளீடு சுருங்க, ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக வெளியிலுள்ள ஈரமும் அதனுடன் பாக்டீரியாவும் உள்ளிழுக்கப்படுகின்றன. அழுக்கு முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவுவதும் இதே விளைவைத் தரும். குட்டையில் தேங்கிய நீரை மந்தை முழுவதும் குடிப்பதும் அதிலேயே எச்சமிடுவதும் தொற்றை ஒரு பறவையிலிருந்து மற்றவற்றுக்குக் கொண்டு செல்கின்றன.

மனிதரில் பாதிப்பு

2010 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் வாத்து முட்டை உண்டவர்களிடையே சால்மொனெல்லா டைபிமியூரியம் தொற்று பரவியது. காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியன இதன் அறிகுறிகள். குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் கெட்டியாகும்வரை வேகவைத்தால் பாக்டீரியா அழியும். மூல நோய்க்கு வாத்து முட்டை நல்லது என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டில் உண்டு. அவ்வாறு உண்போரும் பச்சை முட்டையையும் ‘ஆஃபாயில்’ எனப்படும் அரைவேக்காட்டு முட்டையையும் தவிர்த்தல் வேண்டும்.

மருந்து எதிர்ப்பு

கழிச்சல் கண்டவுடன் நுண்ணுயிர் எதிர்ப்பியை நீரில் கலந்து மந்தை முழுவதற்கும் கொடுப்பது, அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் குடலில் நிலைபெற வழிசெய்கிறது. கடும் தொற்றுகளில் மனிதருக்குக் கடைசி மருந்தாகக் கருதப்படும் கொலிசுட்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பது 2015 இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. உணவுக்கான கால்நடைகளிலும் கோழியினப் பறவைகளிலும் கொலிசுட்டின் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 சூலையில் தடை செய்தது.