வைரத்துக்குள்ள மாட்டிக்கிட்ட ஹீலியம்... எங்கிருந்து வந்தது தெரியுமா?

மேடவாக்கம் கூட்டுரோடு பக்கம் வைர மூக்குத்தி வாங்கப் போனா என்ன கேட்பீங்க? கேரட், கிளாரிட்டி, சர்ட்டிஃபிகேட். விஞ்ஞானிகள் கேட்குறதே வேற: 'உள்ளே என்ன வாயு இருக்கு?'

மனுஷன் பூமியில போட்ட ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில் இருக்கு. அதுவே சுமார் 12 கி.மீ தான். ஆனா பெரும்பாலான இயற்கை வைரங்கள் 150 கி.மீ-க்கும் கீழே உருவானவை. பலவற்றின் வயசு 100 கோடி வருஷத்துக்கு மேல. அங்கே வளரும்போது ஹீலியம், நியான், ஆர்கான் மாதிரியான மந்த வாயுக்கள் துளியளவு உள்ளே மாட்டிக்கும். இவை எதோடும் எளிதில் சேராது. அதனால, நாம போக முடியாத ஆழத்தோட சாம்பிள் அது.

ஹீலியத்தில் ரெண்டு ஐசோடோப்புகள் முக்கியம். யுரேனியம், தோரியம் சிதையும்போது ஹீலியம்-4 உருவாகிட்டே இருக்கும். பூமிக்குள்ள இருக்கும் ஹீலியம்-3 பெரும்பாலும் பூமி பிறந்தப்பவே வந்தது. நாம சுவாசிக்கும் காற்றில் சுமார் 7 லட்சம் ஹீலியம்-4 அணுக்களுக்கு ஒரே ஒரு ஹீலியம்-3.

1983-ல் ஒசிமா, ஜாஷு என்ற ஜப்பான் விஞ்ஞானிகள், சில வைரங்களில் ஹீலியம்-3 விகிதம் காற்றைவிட 200 மடங்குக்கும் மேல் இருப்பதாக அறிவிச்சாங்க. 'பூமி பிறந்த காலத்து வாயு' என்பது அவங்க விளக்கம்.

இங்கேதான் நம்ம ஊர் விஞ்ஞானி வர்றார். வாரணாசியில் பிறந்து, அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த தேவேந்திர லால். 1987-ல் அவரது குழு, ஜயர் (இன்றைய காங்கோ) நாட்டு ஆற்றுப்படுகை வைரங்களில் பெரிலியம்-10 இருப்பதைக் கண்டுபிடிச்சது. சுமார் 14 லட்சம் வருஷத்துல பாதியாகக் குறையும் பொருள் அது. வைரம் பிறந்தப்பவே உள்ளே போயிருந்தா, இன்னைக்கு மிச்சமே இருக்காது!

அப்போ எப்படி வந்தது? கல் தரைமேல கிடந்த காலத்தில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அதன் கார்பன் அணுக்களை உடைச்சிருக்கு. அதே மோதலில் ஹீலியம்-3-யும் பிறக்கும். பூமியோட ஆதி வாயுன்னு நினைச்சதில், வானம் சேர்த்ததும் கலந்திருந்தது!

அதனாலதான் வைரம் எங்கே கிடைச்சது என்பது ஆய்வில் ரொம்ப முக்கியம். ஆந்திராவின் வஜ்ரகரூர் பகுதியில், மழை பெய்ததும் மக்கள் வயலில் வைரம் தேடுவாங்க. அப்படி மேற்பரப்பில் ரொம்ப காலம் கிடந்த கல்லில் காஸ்மிக் கதிரின் தடம் இருக்கலாம். பாறையைக் குடைஞ்சு ஆழத்திலிருந்து எடுத்த கல்லில் அந்தக் குழப்பம் குறைவு. மேலே இருக்கும் பாறையே கதிர்களைத் தடுத்துடும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்த வாயுவை அளக்க, வைரத்தை வெற்றிடத்தில் நொறுக்கணும்; இல்லைன்னா சுமார் 2,000 டிகிரிக்குச் சூடாக்கணும். சூடாக்கினா மிஞ்சுறது பென்சிலில் இருக்கும் கிராஃபைட். உங்க மூக்குத்தியை யார்கிட்டயும் டெஸ்ட்டுக்குக் கொடுத்துடாதீங்க!