தலையால் நடந்தவளும் குளத்தில் மூழ்கியவரும்

ஆடி அமாவாசை நெருங்கினால் எங்கள் தெருவில் சதுரகிரிப் பேச்சுதான். வத்திராயிருப்பு வரை பஸ், அங்கிருந்து தாணிப்பாறை, பிறகு பாறையும் ஓடையுமாக மலையேற்றம், மேலே சுந்தர மகாலிங்கம். பட்டாசு ஆபீசுக்குப் போகும் பெண்கள் (சிவகாசிப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்) ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஏறுவார்கள். அம்மாவும் அப்படித்தான். ஒருமுறை பாதி வழியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி கேட்டாள்: "கைலாசத்துல பெரிய ஏரி இருக்காமே. அங்க பொம்பளைக யாராச்சும் போயிருக்காகளா?"

போயிருக்கிறாள் என்கிறார் சேக்கிழார். அவர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் யானை ஏறிக் கைலை போன சுந்தரரை விட்டுவிடலாம். தன் உடம்பைக் கொண்டே அந்தத் தூரத்தைக் கடக்கத் துணிந்தவர்கள் காரைக்கால் அம்மையாரும் அப்பரும்.

அம்மையார் அப்போது புனிதவதி. மாம்பழ அதிசயத்தைப் பார்த்துப் பயந்த கணவன் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்துகொள்கிறான். உறவினர் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவன்முன் நிறுத்தியபோது, புது மனைவியோடும் குழந்தையோடும் காலில் விழுகிறான். அவனுக்காகச் சுமந்த தசையை உதறி, பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள் அவள். கைலையில் கால் படக்கூடாதென்று தலையால் நடக்கிறாள்.

அப்பர் கால் தேய நடந்தார், கை தேயத் தவழ்ந்தார், பிறகு உருண்டார். முனிவராக வந்த சிவன் திரும்பிப் போகச் சொன்னார். அப்பர் மறுத்தார். தேய்ந்த உறுப்புகள் முன்போலாயின. அங்கே தோன்றிய ஒரு பொய்கையில் மூழ்கச் சொன்னார் சிவன். எழுந்தபோது அப்பர் திருவையாற்றுக் குளத்தில் இருந்தார். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. இன்றும் திருவையாற்றில் ஆடி அமாவாசையன்றுதான் அந்த விழா. நாங்கள் சதுரகிரி ஏறும் அதே நாள்.

ஆணுக்குத் தேய்ந்த உடம்பு திரும்பக் கிடைக்கிறது. பெண்ணோ உடம்பைக் கழற்றி வைத்த பிறகுதான் பயணமே தொடங்குகிறது. கல்லூரி நாட்களில் இதை நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது. அப்பரை வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மலை வரை போய்ச் சேர்ந்தவள் அவள்தான். யார் இந்த எலும்புக்கூடு என்று உமை கேட்க, இவள் நம்மைப் பேணும் அம்மை என்று சிவன் பதில் சொல்கிறார்.

அம்மா கேட்ட ஏரி மானசரோவர். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 4,590 மீட்டர் உயரத்தில், திபெத்தில் இருக்கிறது. பௌத்தருக்கும் சமணருக்கும்கூட அது புனிதம். 1962 போருக்குப் பின் இந்தியப் பயணிகளுக்கு வழி அடைபட்டு, 1981இல் திறந்தது. 1998 ஆகஸ்டில் அந்த வழியில் மால்பாவில் மலை சரிந்தது. இறந்தவர்களில் ஒடிசி நடனக் கலைஞர் புரோதிமா பேடியும் ஒருவர். சமூகம் சொன்ன உடம்பை ஒருநாளும் ஏற்காத பெண்.

தமிழக அரசு 2012இல் மானசரோவர் பயணிகளுக்கு மானியம் அறிவித்தது, ஆளுக்கு 40,000 ரூபாய் வரை. போய்த் திரும்பிய பிறகுதான் பணம் வரும். அதாவது முதலில் கையில் லட்சம் வேண்டும். வாரக்கூலியில் சீட்டுக் கட்டுகிறவளுக்கு இது எப்படிப் பொருந்தும்? இந்திய அரசு நடத்தும் யாத்திரையில் மருத்துவப் பரிசோதனையும் உண்டு: வயது 70க்குள், உடல் நிறை குறியீடு 25க்குள், இதயமும் நுரையீரலும் சரியாக இருக்க வேண்டும். காற்று மெலிந்த இடம், விதி நியாயமானதுதான். ஆனால் அலுமினியப் பொடி பறக்கும் அறையில் உட்கார்ந்து திரி செருகிய நுரையீரலுக்கு அந்த வாசலிலேயே விடை தெரிந்துவிடும். புராணம் பெண்ணிடம் தசையைக் கேட்டது. இங்கே மூச்சை வேலை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுவிட்டது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மையார் தலையால் நடந்ததையும் சொன்னேன். சற்று யோசித்தாள்.

"தலையால நடந்தா சேல என்னத்துக்காகும்?"

பேய் உருவம்மா, சேலையெல்லாம் இல்லை என்றேன்.

"அப்ப சரி," என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த பாறையில் கால் வைத்தாள்.