மதுவும் புகையும் வயதும்: பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியை முன்வைத்துச் சமூகத் தகுதி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வளரிளம் பருவத்தினர் மதுவையும் புகையிலையையும் நாடுவதை இன்றைய சட்டம் வயதைக் கொண்டு அளக்கிறது. சமூகமோ நெடுங்காலமாகத் தகுதியைக் கொண்டே அளந்து வந்துள்ளது. இவ்விரண்டு அளவுகோல்களுக்கும் இடையிலான முரணைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை உள்ளடக்கிய பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வரலாற்றுப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மதுவிலக்கு, புகையிலை, வளரிளம் பருவம், சமூகத் தகுதி, பெரம்பலூர், அரியலூர்.

முன்னுரை

மது தமிழ்ச் சமூகத்தில் தொன்றுதொட்டுத் தகுதியின் அடையாளமாக இருந்துள்ளது. யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தரப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாடல் காட்டுகிறது. மன்னனுக்கு அயல்நாட்டுத் தேறல், எளியோர்க்கு நாட்டுக் கள் என்னும் படிநிலை மிகப் பழையது. திருக்குறளோ கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக வைத்து, உண்பவனின் தகுதி எதுவாயினும் அதனைக் கடிகிறது. தகுதிக்கேற்ப ஏற்பதும் அறநோக்கில் மறுப்பதுமாகிய இவ்விரு போக்குகளும் பிற்காலத்திலும் தொடர்ந்தன.

புகையிலை பெற்ற தகுதி

போர்த்துக்கீசியர் வழியே இந்தியாவுக்கு வந்த புகையிலை விரைவிலேயே இலக்கியத் தகுதி பெற்றது. சீனிச்சர்க்கரைப் புலவரின் ‘புகையிலை விடு தூது’ பழனி முருகனிடம் புகையிலையைத் தூதனுப்புகிறது. வில்வமும் துளசியும் நீரில் போய்விட, நான்முகன் வைத்த இலை மட்டும் போகாமல் நின்றமையால் ‘போகையிலை’ ஆயிற்று என அந்நூல் புராணம் புனைகிறது. புதிதாய் வந்த பொருளுக்குத் தெய்வத் தொடர்பு கற்பித்து மதிப்பேற்றும் முயற்சி இது. இந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தங்கித் தமிழ் பயின்றவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

எனினும் புகைத்தல் யார்க்கும் எவ்விடத்தும் உரியதாகக் கொள்ளப்படவில்லை. மூத்தோரைக் கண்டதும் சுருட்டை மறைப்பது மரியாதை எனப்பட்டது. ஒருவர் முன் வெளிப்படையாகப் புகைப்பது தாம் அவருக்கு நிகர் என்று அறிவிப்பதாகும். இளைஞன் புகைக்கத் தொடங்குவதில் சுவையைக் காட்டிலும் இந்த நிகர்நிலை வேட்கை முதன்மையானது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

மதுவிலக்கு கண்ட குடிகாரர்

இராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து நடத்திய ‘விமோசனம்’ இதழ் ஏழைக் குடும்பங்களின் துயரை முன்னிறுத்தியே மதுவிலக்கை வலியுறுத்தியது. அவர் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானபின் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. பெரம்பலூர் வட்டம் அன்றைய சேலம் மாவட்டத்தின் ஆத்தூர் வட்டத்தை ஒட்டியது. ஆகவே எல்லையின் ஒருபுறம் குற்றமாகிய செயல் மறுபுறம் உரிமம் பெற்ற வணிகமாக இருந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நிலவியது.

இச்சட்டம் முதன்மையாகக் கருதியது கூலித் தொழிலாளியின் குடியை. அயல்நாட்டு மதுவுக்கு உரிமச் சீட்டு வழங்க அதில் இடமிருந்தது. கள்ளும் சாராயமும் முற்றாக விலக்கப்பட, வசதி படைத்தோர் சீட்டுப் பெற்று அருந்த முடிந்தது. யவனத் தேறலும் நாட்டுக் கள்ளுமாகிய பழைய படிநிலை இவ்வாறு சட்டத்துக்குள்ளும் இடம் பெற்றது.

1948இல் இப்பகுதியில் பிறந்த ஒருவர், மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்படும் வரை, தம் இளமை முழுவதையும் சட்டப்படியான கள்ளுக்கடையோ சாராயக்கடையோ இல்லாத ஊரில் கழித்திருப்பார். 1974க்குள் அக்கடைகள் மீண்டும் மூடப்பட்டன; 1981இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) உருவாயிற்று. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. தந்தை, மகன், பெயரன் என மூன்று தலைமுறையினர் மூவகைச் சட்டத்தின்கீழ் வளர்ந்தனர். ஆகவே குடி குறித்த ஒரே வகையான நாணமோ ஏற்போ ஒரு குடும்பத்துக்குள்ளேயே நிலைபெறவில்லை.

வயது என்னும் புதிய அளவுகோல்

2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள் 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்பதைத் தடைசெய்தன. அதே ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர்க்கும், கல்வி நிறுவனங்களிலிருந்து நூறு கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்பதைத் தடுத்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தைகளுக்கு இவற்றைத் தருவோர்க்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை வகுத்தது. ஏழை, செல்வர் என்ற பாகுபாடின்றி வயதொன்றையே நோக்கும் சட்டங்கள் இவை.

ஆனால் மானாவாரி வேளாண்மையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் கொண்ட இவ்வட்டாரத்தில், ஒருவன் ‘ஆளாவது’ பிறந்த தேதியால் மட்டும் முடிவாவதில்லை. கூலி பெறுவதாலும் முடிவாகிறது. பள்ளியை விட்டு வேலைக்குச் செல்லும் பதினைந்து வயதுச் சிறுவன் பெரியவர்களுடன் உழைக்கிறான். அவர்களுடன் பீடியையும் பகிர்கிறான். சட்டத்தின் கண்ணில் குழந்தையாகிய அவன் வேலைத்தளத்தில் ஆளாகிறான்.

2019ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களுள் 8.5 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்துவதாகக் கண்டது. 2009இல் இது 14.6 விழுக்காடாக இருந்தது. சிகரெட் புகைத்தோருள் 38 விழுக்காட்டினரும் பீடி புகைத்தோருள் 47 விழுக்காட்டினரும் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தனர். விலை குறைந்த புகை இளம் வயதிலேயே எட்டுகிறது என இதனைக் கொள்ளலாம். மேலும் இது பள்ளி மாணவரிடையே நடந்த கணக்கெடுப்பு. பள்ளியை விட்டுக் கூலிக்குச் சென்ற சிறுவன் இதில் எண்ணப்படவில்லை. குறைந்துள்ள விழுக்காடு அவனைப் பற்றி எதுவும் கூறவில்லை.

முடிவுரை

மதுவிலக்குக் காலச் சட்டம் ஏழையைக் கண்டது. இளையோரைத் தனியே காணவில்லை. இன்றைய சட்டம் வயதைக் காண்கிறது. தகுதி வேட்கையைக் காணவில்லை. புகையும் மதுவும் ஆளாகிவிட்டதன் சான்றாகக் கொள்ளப்படும் வரை, கடை வாயிலில் வயதைக் கேட்பது மட்டும் பயன் தராது. பள்ளியில் தொடர்வது கூலி பெறுவதற்கு நிகரான மதிப்பை ஒரு சிறுவனுக்குத் தருகிறதா என்பதே இவ்வட்டார ஆய்வாளர் முன்னுள்ள அடிப்படை வினா. பள்ளியிலிருந்து இடைநின்றோரை மையமாகக் கொண்ட வாய்மொழி வரலாற்று ஆய்வுகள் அதற்கு விடை காண உதவும்.