கல்லில் பேர் வராதவர்கள்

2021 டிசம்பர் 9 அன்று மேட்டுப்பாளையத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாள் மறக்காது. முந்தின நாள் குன்னூருக்குப் பக்கத்தில், நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 13 பேர் இறந்திருந்தார்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் அஞ்சலி முடிந்து, உடல்களை ஆம்புலன்ஸ்களில் சூலூர் விமானப்படைத் தளத்துக்குக் கொண்டு போனார்கள். மலையிலிருந்து இறங்கினால் எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். ரோட்டின் இரண்டு பக்கமும் சனம். யாரும் கூப்பிட்டு வந்த கூட்டமில்லை. கையில் கிடைத்த பூவை வண்டிகள் மேல் வீசினார்கள்.

என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "ஏனுங் தம்பி, இவிங்களையெல்லாம் எங்க கொண்டு போயி அடக்கம் பண்ணுவாங்க?"

"டெல்லிக்குங்க."

"அங்க பட்டாளத்துக்காரங்களுக்குன்னு தனியா எடம் இருக்குமில்லீங்?"

"இருக்குதுங்க" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் நான் சொன்னது பாதிதான் சரி என்று தெரிந்தது. மறுநாள் ராவத் தம்பதியை டெல்லி கண்டோன்மெண்டில் பிரார் சதுக்கத்தில் தகனம் செய்தார்கள். அது ராணுவத்தின் சுடுகாடு. கல்லறைத் தோட்டம் அல்ல. சுதந்திர இந்தியாவுக்கு, எல்லா ராணுவ வீரர்களுக்கும் பொதுவாக ஒரு தேசியக் கல்லறை கிடையாது.

அமெரிக்காவில் ஆர்லிங்டன் இருக்கிறது. 1864-இல் உள்நாட்டுப் போர் நடக்கும்போதே தொடங்கியது. இன்றைக்கு 4 லட்சம் பேருக்கு மேல் அங்கே அடக்கம். சண்டையில் செத்தவர்கள் மட்டுமில்லை. தகுதி இருந்தால், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து எண்பது வயசில் வீட்டுக் கட்டிலில் செத்தவருக்கும் அங்கே இடம் உண்டு, அவர் மனைவிக்கும் உண்டு. நமக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை என்று கேட்டால் முதல் பதில் எளிது. நம்மில் பெரும்பாலோர் எரிக்கிறவர்கள், சாம்பலை ஆற்றில் விடுகிறவர்கள். 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் களத்துக்குப் பக்கத்திலேயே தகனம் செய்தார்கள். கொடி போர்த்திய பெட்டி சொந்த ஊருக்கே வரும் வழக்கம் 1999 கார்கில் போரிலிருந்துதான் நிலைத்தது. மேஜர் முகுந்த் வரதராஜனுக்குச் சென்னை பெசன்ட் நகர் மயானத்தில் நடந்தது நினைவிருக்கும்.

ஆனால் பழைய போர்களுக்குக் கல்லறைகள் இருக்கின்றன, அதுவும் தமிழ்நாட்டிலேயே. போன வருஷம் சென்னைக்கு வேறு வேலையாகப் போனவன், ஒரு மதியம் ஒழித்து நந்தம்பாக்கம் போனேன். மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டில், வண்டிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிறது மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிப்பது. வெட்டிவிட்ட புல்தரை, ஒரே அளவுக் கற்கள், வரிசை வரிசையாக. 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், எல்லோரும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்தவர்கள். தென்னிந்தியாவிலும் கிழக்குப் பக்கத்திலும் ஊர் ஊராகப் பல கல்லறைகளில் கிடந்தவர்களை, அங்கே காலத்துக்கும் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது என்று, தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பின்பக்கம் முதல் உலகப் போருக்கான நினைவிடம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு. இந்தப் பெயர்களுக்கு உரிய உடல்கள் அங்கே இல்லை. இந்தியாவின் பல மூலைகளில், இனிப் பராமரிக்க முடியாது என்று விட்டுவிட்ட கல்லறைகளில் இருக்கின்றன.

கற்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். பத்தொன்பது வயசு, இருபத்தொரு வயசு. கடல் தாண்டி வந்த பையன்கள். அவர்கள் அம்மாக்களில் எத்தனை பேர் நந்தம்பாக்கத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? ஒரு சிப்பாயின் கல்லும் அதிகாரியின் கல்லும் ஒரே உயரம். இது தற்செயல் இல்லை. 1917-இல் அரச சாசனத்தோடு இந்த ஆணையம் தொடங்கியபோதே ஃபேபியன் வேரும் கூட்டாளிகளும் பிடித்துக்கொண்ட கொள்கை: பணக்காரன் மகனின் உடலையும் ஊருக்குக் கொண்டுபோக விடமாட்டோம், பதவிக்கேற்றபடி கல்லை உயர்த்தவும் விடமாட்டோம், எல்லோருக்கும் ஒரே கல். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்தான்.

இங்கேதான் எனக்கு உறுத்தல் ஆரம்பித்தது. அந்த "எல்லோரும்" யார்?

முதல் உலகப் போரில் மெசபொடேமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அங்கே 1929-இல் திறந்த பஸ்ரா நினைவிடம் 40,000 பேருக்கு மேல் நினைவுகூர்வது. பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் இருக்கும். இந்திய அதிகாரிக்குப் பெயர் இருக்கும். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கை மட்டும்: இத்தனை பேர். இதை ஏதோ கோபக்கார வரலாற்றாளர் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2021 ஏப்ரலில் ஆணையமே தன் விசாரணை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் இல்லாமலோ எந்த நினைவும் இல்லாமலோ விடப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் செத்த ஆப்பிரிக்க, ஆசியப் படையினரும் சுமை தூக்கிகளும். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரான்சில் 1927-இல் திறந்த நூவ் ஷப்பெல் நினைவிடத்தில் சிப்பாய்களின் பெயர்களும் இருக்கின்றன, 4,700-க்கு மேல். டெல்லி இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேல். இரண்டாம் போரில் இன்னும் கவனமாகவே செய்தார்கள். கோஹிமாவில் எரிக்கப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவிடம். பர்மாவில் தௌக்யானில் ஏறக்குறைய 27,000 பெயர்கள். பிரார் சதுக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும் டெல்லி போர்க் கல்லறைத் தோட்டத்தில் பிரிக்கப்படாத இந்தியாவின் 25,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நினைவிடம். ஆணையத்தின் இணையப் பட்டியலில் பல பெயர்களோடு அப்பா பெயர், ஊர், ஜில்லா கூட வரும். கோயம்புத்தூர் என்று போட்டுத் தேடினேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலில் நம்ம ஊர்ப் பெயர்கள் படும் பாட்டில், எது எந்த ஊர் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு ராத்திரி போயிற்று.

நான் தேடியது எங்கள் அப்பச்சியை, அம்மாவின் அப்பாவை. கிடைக்க மாட்டார் என்று எனக்கே தெரியும். ஏனென்றால் அவர் உயிரோடு திரும்பி வந்தவர்.

ஆணையத்தின் கணக்குக்கு எல்லைத் தேதிகள் இருக்கின்றன. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாவதற்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. அதற்குள் செத்தால்தான் கணக்கு. இரண்டாம் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர். செத்தவர்கள் சுமார் 87,000. மிச்சம் 24 லட்சம் பேர் ரயிலேறி ஊருக்கு வந்து, மாடு பிடித்து, ஏர் ஓட்டி, பிள்ளை பெற்று, ஒருநாள் செத்துப் போனார்கள். 2019-இல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்திலும் கிரானைட்டில் இருப்பவை சுதந்திரத்துக்குப் பிறகு களத்தில் உயிர் விட்டவர்களின் பெயர்கள்தான். திரும்பி வந்தவனுக்கு எங்கேயும் கல் இல்லை.

அப்பச்சி பர்மா பக்கம் போனவர். ஆறு முனை வெண்கல நட்சத்திரம் ஒன்றும், மடிப்புகளில் கிழிந்த டிஸ்சார்ஜ் காகிதமும் தகரப் பெட்டியில் இருந்தன. சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மழை ஒரு வாரம் விடாமல் பெய்தால் மட்டும் திண்ணையில் உட்கார்ந்தபடி, "அட்டை ஏறுமாயா, பார்த்து நட" என்பார். மேட்டுப்பாளையத்து வறண்ட காட்டில் ஏது அட்டை? நாங்கள் சிரிப்போம். காரமடைக்கு அந்தப் பக்கம், தோட்டத்து மூலையில் வேப்பமரத்துக்குக் கீழே அவரை அடக்கம் செய்தார்கள். மண் மேடு மட்டும்தான். இப்போது அதுவும் கரைந்து, தெரிந்தவன் காட்டினால்தான் தெரியும்.

கொங்கு நாட்டுக்குச் செத்தவனுக்குக் கல் வைக்கும் பழக்கம் புதுசல்ல. புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்குப் புலிகுத்திக் கல், மாடு மீட்டுச் செத்தவனுக்கு நடுகல். பல கற்களில் ஒரு எழுத்துக்கூட இருக்காது. ஈட்டி பிடித்த ஓர் ஆள், எதிரே புலி, அவ்வளவுதான். பேர் தெரியாமலேயே வருஷா வருஷம் பொங்கல் வைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் செத்தவனுக்குத்தான் கல். புலியைக் குத்திவிட்டு வீடு திரும்பியவன் என்ன ஆனான் என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை.

தோட்டம் இப்போது மாமன்மார் மூன்று பேருக்குப் பாகமாகிவிட்டது. பக்கத்துப் பூமியெல்லாம் சைட் போட்டு விற்றாகிவிட்டது, எங்களுக்கும் கேட்டு வருகிறார்கள். விற்பதற்கு முன்னால் ஒரு கல்லாவது வைத்துவிட்டு, அந்த ஒன்றரை சென்டை மட்டும் கிரயத்தில் ஒதுக்கிவிடலாம் என்றேன். பெரிய மாமாவுக்கு மனசில்லை.

"அவரே வாயத் தொறந்து சொல்லாதத நாம எதுக்கு மாப்ள கல்லுல வெட்டிக்கிட்டு?"

சின்ன மாமா ஒத்துக்கொண்டார். கல் வெட்டுகிறவரிடம் போய் விசாரித்தோம். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்லிவிட்டு, பேரும் தேதிகளும் எழுதித் தரச் சொன்னார். செத்த தேதி அம்மாவுக்குத் தெரியும். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருக்கும் வயசு ஆளெடுத்தவன் குத்துமதிப்பாய்ப் போட்டது என்று அப்பச்சியே சொல்லியிருக்கிறார். அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பெரிய மாமா இன்னும் சரி என்று சொல்லவில்லை.