டொமாட்டிலோ

டொமாட்டிலோ (பைசாலிஸ் பிலடெல்பிகா) கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தாயகம். நம் வயல்வரப்பில் முளைக்கும் சொடக்குத் தக்காளியும் இதே பேரினம்தான். பிஞ்சு பிடித்ததும் புல்லிவட்டம் உப்பிக் காயைக் காகித உறைபோல் மூடிக்கொள்கிறது. காய் பருத்து உறையை நிரப்பும்போது பறிக்கலாம். சில காய்கள் அதைக் கிழித்தும்விடும். உரித்த காயின் தோல் பிசுபிசுக்கும். நன்றாகக் கழுவ வேண்டும். தனிச்செடி பூக்கும், ஆனால் அநேகமாகக் காய்க்காது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி இது. தேனீக்கள் மகரந்தம் கொண்டுவர அருகில் இன்னொரு செடி வேண்டும்.

நவாட் மொழியின் 'டொமாட்டில்' என்ற சொல்லை ஸ்பானியர் 'டொமாட்டே' ஆக்கினர். அதன் சிறுமை வடிவமே 'டொமாட்டிலோ'. நடு மெக்சிகோவில் இன்றும் 'டொமாட்டே' என்றால் இந்தப் பச்சைக் காய். சிவப்புத் தக்காளி 'ஹிட்டொமாட்டே'. உலகம் சிவப்புக்குக் கொடுத்துவிட்ட பெயரை அம்மக்கள் பச்சைக்கே காத்துவைத்திருப்பது நியாயமானது.

இதன் புளிப்பு 'சல்சா வெர்டே' என்னும் பச்சைச் சட்னியில் துலங்கும். காயை வேகவைத்தோ, 'கொமால்' எனும் தட்டைச் சட்டியில் தோல் கருகச் சுட்டோ, பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லித் தழை சேர்த்து எரிமலைக்கல் உரலில் அரைப்பார்கள். சுட்டு அரைத்ததற்கே சுவை அதிகம்.