ஸ்லைடின் எடை

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் ஒலியைப் பற்றியே மிகுதியும் எழுதுகின்றனர். கருவியைத் தூக்கிப் பிடித்த கையைப் பற்றி எழுதுவோர் அரியர். டிராம்போனைப் பொறுத்தவரை கையின் வரலாற்றை விட்டுவிட்டுக் கருவியின் வரலாற்றைச் சொல்ல இயலாது என்பது நம் எண்ணம்.

எக்காளத்தின் குழாயை வாசிக்கும்போதே நீட்டவும் குறைக்கவும் செய்த முயற்சியில், 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிறந்தது இக்கருவி. ஆங்கிலேயர் இதனைச் சாக்பட் என்றனர். டிராம்போன் எனும் இத்தாலியப் பெயருக்குப் பெரிய எக்காளம் என்று பொருள். இரண்டு உட்குழாய்கள் அசையாது நிற்க, கொண்டை ஊசிபோல் வளைந்த வெளிக்குழாய் அவற்றின்மேல் வழுக்கிச் செல்லும். இதுவே ஸ்லைடு. நூரெம்பர்க்கில் எராஸ்மஸ் ஷ்னிட்சர் 1551இல் செய்த டிராம்போன் இன்றும் எஞ்சியுள்ளது. அதையும் இன்றைய கருவியையும் அருகருகே வைத்தால் அடிப்படை அமைப்பில் வேற்றுமை மிகச் சிறிதே.

இடக்கை கருவியைத் தாங்க, வலக்கை ஸ்லைடை ஏழு நிலைகளுக்கு நகர்த்துகிறது. ஏழாம் நிலையில் ஸ்லைடு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் முன்னே போய்விடும். பாரம் விலக விலக இடக்கை மணிக்கட்டின் மேல் விழும் சுமை பெருகும். ஆகவே ஸ்லைடில் கூடும் ஒவ்வொரு கிராமும் கருவியின் வேறெந்தப் பகுதியில் கூடுவதைவிடவும் கொடியது. வளர்ந்தோருக்கே கை எட்டாத காலமும் இருந்தது. பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை புழங்கிய ஜி பாஸ் டிராம்போனின் ஸ்லைடில், கடைசி நிலைகளை எட்டுவதற்கென்றே ஒரு கைப்பிடி பொருத்தியிருந்தனர்.

ஜெர்மானிய நகரங்களின் ஊதுகுழல் கலைஞர்களிடம் தொழில் பழகியவர்கள் பதின்பருவத்தினர். அமெரிக்கப் பள்ளி பேண்டு வாத்தியக் குழுக்கள் பெருகிய 20ஆம் நூற்றாண்டிலோ பத்து வயதுப் பிள்ளைகள் கருவி எடுத்தனர். கை நீளும்வரை பாரிடோன் ஹார்ன் வாசிக்கட்டும் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. ஆசைப்பட்ட வாத்தியத்தை உடலளவு காரணமாக இழப்பது சிறு துயரமன்று. குட்டைக் கைகளுக்காக, ஒரு வால்வின் துணையால் கடைசி நிலைகளின் தேவையையே நீக்கிய டிராம்போன்களும் வந்தன. எட்டும் தொலைவுக்கு அவை விடையளித்தன, எடைக்கு அன்று.

எடையைக் குறைக்க உற்பத்தியாளர் முதலில் நாடியது நிக்கல் வெள்ளி. நம் பாத்திரக் கடைகளின் ஜெர்மன் சில்வர்தான் அது; பெயரைத் தவிர வேறு வெள்ளி அதில் இல்லை. பித்தளையைவிட உறுதியானதாகையால் மெல்லிய தகட்டில் குழாய் செய்ய முடிந்தது. ஆனால் உலோகம் உலோகமே.

உயர்திறன் கார்பன் இழையை 1958இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் ஆய்வகத்தில் கண்டார். ஒசாகாவில் அகியோ ஷிண்டோ 1961இல் அக்ரிலிக் வகை இழையிலிருந்து அதைப் பெற்றார். பித்தளையின் அடர்த்தி 8.5 என்றால், பிசினில் தோய்த்து இறுக்கிய கார்பன் இழையின் அடர்த்தி ஏறத்தாழ 1.6. விமானத்துக்கும் மீன்தூண்டிலுக்கும் பயன்பட்ட இப்பொருள் ஸ்லைடுக்கு வந்தபோது, முதலில் வாங்கியவர்கள் தேர்ந்த கலைஞர்கள். டெக்சாசின் பட்லர் நிறுவனம் போன்ற சிறு பட்டறைகளின் கைவேலை, விலை அதற்கேற்ப. எந்தக் கைக்கு அது மிகவும் தேவையோ அந்தக் கைக்கு எட்டவில்லை என்பதே நம் குறை.

சிறுவருக்கு வாய்த்தது வேறொன்று. 2010களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து பிபோன் எனும் பிளாஸ்டிக் டிராம்போன் வந்தது. ஸ்லைடில் கண்ணாடியிழை, மொத்த எடை சுமார் 800 கிராம். பித்தளையின் செறிவு அதன் ஒலியில் இல்லை என்போருடன் நாமும் உடன்படுகிறோம். ஆயினும் அரைமணி நேரம் தோள் வலிக்காமல் வாசிக்கும் பிள்ளைக்கு அது பெரிய குறையாகத் தோன்றாது.

கார்பனுக்கு இன்னொரு தடையும் உண்டு. பித்தளை ஸ்லைடு பெஞ்சிலிருந்து விழுந்து நசுங்கினால், உள்ளே உருளைக் கம்பியைச் செலுத்தி அதை நிமிர்த்திவிடலாம். கார்பன் எளிதில் நசுங்காது. ஆனால் விரிசல் கண்டால் பற்றவைக்கவும் இயலாது, குழாயையே மாற்றவேண்டும். பள்ளிக் கருவிகளோ அடிக்கடி விழுபவை.